கணுக்காலளவு கடல்

சிந்தாத்திரை இலங்கைக் கரையிலிருந்து நீந்தி வந்து சேர்ந்தபோது அவளைப் பார்த்து யாரும் 'வா' என்று சொல்லவில்லை. தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

பனையடித்துறையில் கடலுக்குப் போன ஆண்பிள்ளை திரும்பி வந்தால், வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் சும்மா நிற்பான். அவன் வீட்டுப் பெண், தாயோ தாரமோ கூடப்பிறந்தவளோ, மேட்டில் நின்று 'வா' என்பாள். அவன் ஏறி வருவான். அவ்வளவுதான். மீன் பட்டாலும் படாவிட்டாலும், முதல்நாள் அவளோடு சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனாக இருந்தாலும், கடன்காரன் மேட்டிலே காத்துக்கொண்டிருந்தாலும், அந்த ஒற்றை எழுத்து அவனுக்கு உண்டு. அதை வழக்கம் என்று நாங்கள் நினைத்ததுகூட இல்லை. அதனால்தான் மறந்தோம். எங்கள் கடலிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. வந்தால் சொல்வது யார் வேலை என்று ஆண்களுக்கும் தெரியாது, பெண்களுக்கும் தெரியாது.

சிந்தாத்திரை யாரென்றால், வள்ளக்காரன் சேசடிமையின் தங்கை. தாய் தகப்பன் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். நண்டுக் கம்பெனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. வேலைக்குப் போகுமுன் நீச்சல், வேலை விட்டு வந்து நீச்சல். எங்கள் பெண்கள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை. அவள் இறங்கினாள். ஊர் கொஞ்சநாள் பேசியது, பிறகு வேறு பேச்சு கிடைத்தது. கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் பாலத்திலிருந்து சர்ச் கோபுரம் வரைக்கும், கோபுரத்திலிருந்து உப்பளத்து முனை வரைக்கும், வலது கை இடது கை ஒரு மூச்சு, வலது கை இடது கை ஒரு மூச்சு என்று, மழையிலும் வெயிலிலும் சொறிமீன் பட்டு உடம்பைக் காய்ச்சுகிற மாதத்திலும் அவள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். அதற்கெல்லாம் யாரும் 'வா' சொல்லத் தேவையில்லை. கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு நீந்துவது குளியலில் சேரும். கரை மறைகிற தூரம் போனால்தான் கடலுக்குப் போனதாகக் கணக்கு.

சேசடிமை ஒரு கார்த்திகை மாதக் காற்றில் போனான். வள்ளம் வந்தது, அவன் வரவில்லை. அதன்பிறகு சிந்தாத்திரை இன்னும் தூரம் நீந்தினாள். அண்ணனைத் தேடித்தான் நீந்துகிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து அதையே கேட்டான்.

"இல்லண்ணே," என்றாள். "தண்ணிக்குள்ள தலைய விட்டா ஒருத்தர் பேச்சும் கேக்காது. அது நல்லாருக்கும்."

அவன் அதை எழுதவில்லை.

வீட்டில் அவளும் அவள் மதினியும் மட்டும். மதினியை ஊரில் சேசடிமை பொஞ்சாதி என்று கூப்பிடுவோம். அவளுக்கு இந்த நீச்சல் பிடிக்கவில்லை. "எம் புருசனத் தின்ன தண்ணி, இவளுக்கு வெளையாட்டு," என்று குழாயடியில் ஒருமுறை சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள், அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

மதினியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சேசடிமை வராத அன்று அவனுக்காகக் கொண்டுபோன 'வா' அவள் வாயிலேயே தங்கிவிட்டது. வெற்றிலைபோல இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். கன்னம் கொஞ்சம் புடைத்திருக்கும், பார்த்தாலே தெரியும். வேறு யாருக்கும் அவள் 'வா' சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தவர்களை "உக்காருங்க" என்பாள். சாமியாரை "சேர் கெடக்கு பாதர்" என்பாள். கோழியை நாக்கைச் சொடுக்கித்தான் கூப்பிடுவாள். ஒரே ஒரு 'வா', அதற்கு ஆள் இருக்கிறது, அவன் வரும்வரை அது அங்கே கிடக்கட்டும். நாங்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கடற்கரை ஊரில் இப்படி ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்.

அவள் கடற்கரைப் பக்கமே வருவதில்லை. அதனால் சிந்தாத்திரை இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த அன்றும் வரவில்லை.

மற்ற எல்லோரும் வந்திருந்தோம். பேண்டு செட்டு, பிளெக்ஸ் போர்டு, ஆளுக்கொரு செல்போன். துணைக்குப் போன வள்ளம் தொம்மையுடையது. அதில் நீச்சல் சங்கத்து நடுவர் தாமோதரன் இருந்தார், கழுத்தில் விசில், மடியில் தயிர்சாதம். நீவாடு, அதாவது நீரோட்டம், அவளை வடக்கே இழுத்துக்கொண்டே போனதாகவும், ஒரே கலங்கரை விளக்கத்தை அவள் பாதிப் பொழுது பார்த்துக்கொண்டே நீந்தியதாகவும், சொறி பட்டுக் கழுத்தெல்லாம் தடித்தும் வள்ளத்தை ஒரு விரலால்கூடத் தொடாமல், கயிற்றில் கட்டி எறிந்த பாட்டிலில் கஞ்சித்தண்ணி குடித்துவிட்டுத் திருப்பி எறிந்துவிட்டு, மறுபடி வலது கை இடது கை ஒரு மூச்சு என்று வந்ததாகவும் தொம்மை பிற்பாடு சொன்னார். தொட்டால் செல்லாது. நீந்துகிறவளும் யாரையும் தொடக்கூடாது, அவளையும் யாரும் தொடக்கூடாது. இரண்டு கணுக்காலும் தண்ணீருக்கு வெளியே வந்து, நடுவர் விசில் ஊதினால்தான் நீச்சல் முடிந்தது.

அவள் எழுந்து நின்றாள். பேண்டு அடித்தது. நாங்கள் கத்தினோம், விசிலடித்தோம், "சிந்தா, இந்தப் பக்கம் பாரு" என்று படம் பிடித்தோம். என்னென்னவோ சொன்னோம். அதை மட்டும் சொல்லவில்லை.

நடந்து வந்தாள். கணுக்கால் தண்ணீர். இன்னும் நடந்தாள். கணுக்கால் தண்ணீர். பிளெக்ஸ் போர்டைத் தாண்டினாள், பேண்டுக்காரர்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள், கணுக்கால் தண்ணீர். திரும்பிப் பார்த்தாள். கடல் அங்கேயே கிடந்தது, அதிலிருந்து ஒரு பாய் விரிக்கிற அளவு மட்டும் பிரிந்து அவளோடு வந்திருந்தது, நுரையோடு, இரண்டு மூன்று கெழங்கான் மீன் குஞ்சுகளோடு.

தாமோதரன் விசிலை வாயில் வைத்து எடுத்தார். "கணுக்கால் வெளியே வரலை," என்றார். "நீச்சல் நடக்குது. யாரும் தொடாதீங்க."

எப்படி, ஏன் என்று கேட்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். வந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனாள். தண்ணீர் நடையேறி உள்ளே வந்தது. மதினி அதைப் பார்த்தாள். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தாள், அரிசி வாளியைப் பரணில் ஏற்றினாள். "உக்காரு," என்றாள். சோறு போட்டு, தொடாமல் தட்டை நீட்டினாள்.

ஊர் அதற்குப் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது. அவள் கடைக்குப் போனால் ஊர்ப் பூனை அத்தனையும் பின்னால் போயின. ஓதம் ஏறுகிற நேரம் அவளைச் சுற்றிய தண்ணீரும் முழங்காலுக்கு ஏறும், வற்றும்போது வற்றும். கடற்கரைக்குப் போய்ப் பார்க்க முடியாத கிழவன்மார் அவளைக் கூப்பிட்டு, "நில்லு தாயி, தண்ணி எம்புட்டு நிக்கி பாப்பம்" என்று பார்த்துத் தங்கள் பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பினார்கள். பூசைக்கு வந்தால் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வரிசை விட்டு வரிசை நகர்ந்தார்கள். பாதர் இஞ்ஞாசி, கோயிலுக்குள் கடலுக்கு இடமுண்டா என்று மேலே எழுதிக் கேட்டுப் பதில் வராததால், வாசல்படியில் வந்து அவளுக்கு நற்கருணை நன்மை கொடுத்தார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தண்ணீரைப் பார்த்து, "இது லக்கேஜா, கூட வந்த ஆளா?" என்று கேட்டார். "கூட வந்த ஆளுதான்," என்றாள் சிந்தாத்திரை. அவர் அதற்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மீன்வளத்துறைக்காரர் ஒருவர் வந்து வெகுநேரம் பார்த்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பாயளவு தண்ணீரிலும் யாரும் தூண்டில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அப்படி யாருக்கும் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகுதான் போட்டார்கள்.

அவள் நண்டுக் கம்பெனிக்கும் போனாள். நண்டுகள் கூடையிலிருந்து இறங்கி அவள் காலடிக்கு வந்து தப்பித்ததால் மேனேஜர் கைகூப்பி அனுப்பிவிட்டார்.

தாமோதரன் ஊருக்குப் போகவில்லை. நீச்சல் முடியாமல் நடுவர் எழுந்து போக விதி இல்லை. பாதரின் பங்கு வீட்டில் ஓர் அறை வாங்கிக்கொண்டு, குடையும் விசிலுமாக அவள் பின்னால் தண்ணீருக்கு வெளியே நடந்தார். அவர் வீட்டம்மா போனில் கேட்பது எங்களுக்கே கேட்கும். "இன்னும் நீந்தறாளா?" "நீந்தறா." "இப்ப எங்க?" "ரேஷன் கடையில." தாமோதரன் சைவம். ஊரெல்லாம் மீன் வறுக்கிற நேரத்தில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவருக்காகவே பெண்கள் செய்து கொடுத்த கத்தரிக்காய்ப் பொரியலைச் சாப்பிடுவார்.

எல்லாம் வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கால் ஊறிப் போயிற்று. விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகி, தோல் ஈரக் காகிதம்போல உரிந்தது. படுத்தாலும் தண்ணீர், முழங்கையை ஊன்றினாலும் தண்ணீர். தேங்காயெண்ணெயைக் கொண்டு வந்த பெண்கள் தடவிவிட முடியாமல் கிண்ணத்தைக் கழியில் கட்டி நீட்டினார்கள். அழுகையாக வந்தால் கட்டிப்பிடிக்க ஆளிருந்தும் பிடிக்க முடியாது.

பிறகு கிணறு கெட்டது.

அவர்கள் வீட்டு முற்றத்துக் கிணறுதான் ஊரின் நல்லதண்ணிக் கிணறு. சிந்தாத்திரை அதன் ஓரமாகத்தானே போகவர வேண்டும். முதலில் காப்பியில் உப்பு தெரிந்தது. பிறகு பருப்பு வேகவில்லை. அப்புறம் குழந்தைகள் துப்ப ஆரம்பித்தன.

அன்றைக்கு மணலில் கூடினோம். ஆளாளுக்குப் பேசினோம். தொம்மை மட்டும் வள்ளத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"எலே. அன்னைக்கி அவளுக்கு 'வா' சொன்னது யாரு?"

ஆண்கள் பெண்களைப் பார்த்தார்கள், பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள்.

"நாசமாப் போச்சி," என்றார் தொம்மை.

உடனே எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடி, ஆளுக்கொரு 'வா' சொன்னோம். அண்ணன் முறையுள்ளவன் சொன்னான், மாமன் முறையுள்ளவன் சொன்னான். பாதர் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு லத்தீனிலும் சொன்னார். பாடற்குழு நாலு குரலில் சொன்னது. தண்ணீர் அசையவில்லை. கடைசியில் தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்கம்மா," என்றார். அதற்குத் தண்ணீர் ஒரு கட்டைவிரல் பின்வாங்கிற்று. அப்புறம் பழையபடி வந்தது. அசலூர்க்காரர் மரியாதையாகக் கேட்டதற்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

வீட்டு ஆள் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரியும். அவளுக்கு வீட்டு ஆள் என்று இருப்பது ஒருத்திதான். அவளிடம் இருப்பது ஒன்றுதான்.

தொம்மையும் பாதரும் தாமோதரனும் உள்ளே போனார்கள். மதினி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. சேர் கெடக்கு பாதர்."

தொம்மைதான் பேசினார். "மதினிப்பிள்ள, வெசயம் ஒனக்கே தெரியும்."

"தெரியும்."

"கெணறு போச்சி."

"நானுந்தான குடிக்கேன்."

"அந்தப் பிள்ளைக்கிக் கால் அழுகுது."

அவள் மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் செதிலை உரசினாள். "எங்கிட்ட இருக்கது ஒண்ணு. அது அவருக்கு. குடுத்துட்டேம்னா அவரு வந்து தண்ணிக்குள்ளயே நிப்பாரா? சொல்லுங்க. நிக்கணுமா அவரு?"

பாதர் வாயைத் திறந்தார். தொம்மை அவர் காலை மிதித்தார்.

"நிக்க வேண்டாம்," என்றார் தொம்மை. எழுந்து வந்துவிட்டார்கள். வெளியே நின்ற எங்களுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவளிடமிருந்து அதைப் பிடுங்க எங்களில் யாருக்கும் மனசில்லை.

பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கினார்கள். சிந்தாத்திரை காதில் விழக்கூடாது என்று குடத்துக்குள் துணியைப் போட்டு, சத்தமில்லாமல் அந்த வாசலைத் தாண்டினார்கள். அந்தத் துணிதான் அவளுக்குத் தெரிய வைத்தது. குடத்தில் துணி எதற்கு என்று ஒருநாள் ஒரு சிறுமியைக் கேட்டாள், அது சொல்லிவிட்டது.

மறுநாள் தூர நீச்சலுக்குப் பூசுகிற கொழுப்பை உடம்பெல்லாம் பூசிக்கொண்டாள். அவளே பூசிக்கொண்டாள், முதுகு நடுவில் எட்டாத இடத்தை விட்டுவிட்டு. தொம்மையிடம் வள்ளம் வேண்டாம் என்றாள்.

"எங்கட்டி போறே?" என்றார் தொம்மை.

"கடல் எங்கூட வந்துருக்கு. கொண்டுபோயி விட்டுருதேன்."

"விட்டுட்டு?"

தாமோதரன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுப் பையில் போட்டார். நீந்துகிறவள் திரும்பிப் போவதைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை.

நடுமத்தியானம். சமையலறை வாசலில் தண்ணீரோடு நின்றாள். மதினி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம்.

"மதினி. போறேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்குகிறவர்கள் 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வார்கள். கக்கூசுக்குப் போகிறவன்கூட அப்படித்தான் சொல்வான். 'போறேன்' என்று ஒருத்தரும் சொல்வதில்லை. மதினியின் கை அப்படியே நின்றது. வடிதட்டிலிருந்து கஞ்சி வழிந்து காலில் கொட்டியது. அவள் திரும்பவில்லை.

கடற்கரையில் ஊர் முழுக்க நின்றது. பேண்டு இல்லை, போன் இல்லை. அவள் மணலில் இறங்கி நடந்தாள், கூட வந்த கடல் பெரிய கடலைக் கண்டதும், ஆட்டுக்குட்டி பட்டியில் ஓடிச் சேருவதுபோல அதில் போய்ச் சேர்ந்தது. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கழுத்து வந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். வலது கை. இடது கை. ஒரு மூச்சு.

அப்போது கூட்டம் விலகியது. கையில் சோற்றுக் கரண்டியோடு சேசடிமை பொஞ்சாதி வந்தாள். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கால் மணலில் பட்டது. விளிம்புவரை வந்து நின்றாள். சிந்தாத்திரையைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வள்ளங்கள் வரும் திசையில், வானம் கடலில் முட்டுகிற இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஓர் இடம் விடாமல் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வள்ளத்துப் பாய்கூட இல்லை.

இடது கன்னம் அசைந்தது.

"ஏட்டி," என்றாள்.

தண்ணீருக்குள் தலை இருந்தால் ஒருத்தர் பேச்சும் கேட்காது என்று சிந்தாத்திரை சொல்லியிருந்தாள். இது கேட்டது. நின்று, திரும்பி, மிதந்தாள்.

"போறேன்னா சொன்னே? என்ன பேச்சு அது? ஓங்க அண்ணன் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவராலதான் முடியல. நீ சொல்லக்கூட மாட்டியோ?"

அலை சிந்தாத்திரையைத் தூக்கி இறக்கியது.

"முதுகுல பூசக்கூட இல்ல, நீந்தையில நடுவுல வெறும் தோலாத் தெரிஞ்சிது." கரண்டியால் காட்டினாள். குரல் உடைந்தது, அதையும் திட்டாகவே ஆக்கிக்கொண்டாள். "குளிச்சது போதும். சோறு ஆறுது."

கடலை இன்னொருமுறை பார்த்தாள், யாரிடமோ உத்தரவு கேட்கிற மாதிரி.

"வா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சிந்தாத்திரை வந்தாள். கழுத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால், ஈரமணல். அப்புறம் காய்ந்த மணல். கடல் தன் இடத்தில் நின்றுவிட்டது. வெந்த காலில் மணல் ஒட்டியது, அதை அவள் குனிந்து பார்த்தாள், ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், மறு காலைத் தூக்கிப் பார்த்தாள். தாமோதரன் விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை ஊதினார். அந்தச் சத்தம் முடிவதற்குள் மதினி அவளைப் பிடித்துக்கொண்டாள், கொழுப்பு, உப்பு, கரண்டி எல்லாம் சேர்த்து.

கிணறு அடுத்த மழையில் தெளிந்தது. பூனைகள் கொஞ்சநாள் அந்த வாசலில் காத்திருந்துவிட்டுப் போயின.

தாமோதரன் ஊருக்குக் கிளம்பும்போது, சங்கத்தில் சொல்ல வேண்டும், நீச்சலை முடித்து வைத்தவர் பெயர் என்ன என்று கேட்டார். சேசடிமை பொஞ்சாதி என்று சொல்ல வாயெடுத்தோம். வரவில்லை. கன்னம் ஒட்டிப்போய் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், சிந்தாத்திரையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு. சேசடிமை இனி வரமாட்டான் என்று அவளே ஒத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை, வேறு பெயர் எங்களில் பாதிப்பேருக்குத் தெரியவும் இல்லை. ஞானஸ்நானப் பெயர் என்ன என்று பாதரைப் பார்த்தோம். பாதர் தொம்மையைப் பார்த்தார்.

சிந்தாத்திரைதான் சொன்னாள்.

அமலோற்பவம்.